முதல் வருஷத்தில் தோற்ற மேதை

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரச் சாலையில் இருக்கிறது காலாப்பட்டு. 1985-ஆம் ஆண்டில் தோன்றிய புதுச்சேரிப் பல்கலைக் கழகம் அங்கேதான் அமைந்திருக்கிறது. வருஷா வருஷம் கையில் பெட்டியும் நெஞ்சில் கலக்கமுமாகப் பல மாநிலத்து மாணவ மாணவிகள் அங்கே வந்து இறங்குகிறார்கள். ஊர் புதிது, சாப்பாடு புதிது, பக்கத்து அறையில் பேசும் பாஷையும் புதிது. அந்தப் பல்கலைக் கழகத்தின் கணிதப் பிரிவுக்கு ராமானுஜன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் கல்லூரியின் முதல் வருஷத்தைத் தாண்ட முடியாமல் திண்டாடியவர் என்பது அங்கே வந்து சேரும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வசதியில்லாத வீடு, ஆனால் பிள்ளை படிப்பில் சூரன். டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்கென்று வைத்த பரிசைத் தட்டிக்கொண்டு, 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. அந்தக் கல்லூரியைத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று அழைத்த காலம் அது.

பறிபோன சம்பளம்

பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பையனுக்குக் கல்லூரியில் என்ன நேர்ந்தது? கணக்கைத் தவிர வேறொன்றும் அவர் மனத்தில் ஏறவில்லை. அதற்கு முந்திய வருஷம் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருந்தது. ஆயிரக் கணக்கான சூத்திரங்கள். விளக்கமோ மிகச் சொற்பம். அவற்றைத் தாமே நிரூபித்துப் பார்ப்பதில் மூழ்கிவிட்டார். ஆசிரியர் சரித்திரப் பாடம் நடத்துவார். ராமானுஜன் வகுப்பில் உட்கார்ந்து சூத்திரம் எழுதிக்கொண்டிருப்பார்.

வருஷக் கடைசியில் ஆங்கிலத்தில் தவறினார். மேல் வகுப்புக்கு அனுப்பவில்லை; உபகாரச் சம்பளமும் போயிற்று. சம்பளம் கட்டிப் படிக்க வைக்க அந்த வீட்டில் ஏது வழி? அவமானம் தாங்காமல் 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். அப்போது வயது பதினேழு. திரும்பி வந்தபோதோ வகுப்புக்கு வந்த நாட்கள் போதவில்லை. 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனியாகப் பரீட்சை எழுதினார்; அதிலும் தேறவில்லை.

பட்டமில்லாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? 1909-ல் கல்யாணமும் நடந்துவிட்டது. நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ் போன்ற கணித அபிமானிகள் கை கொடுத்தார்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவர் தலையெழுத்தையே மாற்றியது. எஃப்.ஏ. தேறாதவருக்குச் சென்னை சர்வகலாசாலையே மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது.

சீமையில் முதல் வருஷம்

1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார். குடுமி போயிற்று, கோட்டும் பூட்ஸும் வந்தன. இருபத்தாறாவது வயதில் மறுபடியும் ஒரு முதல் வருஷம்! பூட்ஸ் காலைக் கடித்தது. மாமிசம் தொடாதவர் ஆகையால் தம் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டார். ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டதும் காய்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது.

எல்லாவற்றிலும் கொடுமை குளிர். அப்போது கேம்பிரிட்ஜில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் படித்து வந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர்தான். ஒரு நாள் அவர் ராமானுஜனின் அறைக்கு வந்தார். கணப்பை ஒட்டி உட்கார்ந்திருந்த ராமானுஜனிடம், இரவில் குளிருக்குப் போதிய போர்வை இருக்கிறதா என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைச் சுற்றிப் படுத்தும் நடுங்குவதாக ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் எத்தனையோ இருந்தன! மெத்தைக்கடியில் ஓரங்களைச் செருகி, மேலே விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. மகலனோபிஸ் செய்து காட்டினார்.

கும்பகோணத்தில் தவறிய அந்த மாணவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் ஆனார். அதே வருஷம் டிரினிடி கல்லூரியின் பெலோ பதவியும் கிடைத்தது. ஆனால் உடம்பு 1917-லேயே நலிந்துவிட்டது. 1919-ல் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் கண் மூடினார். வயது முப்பத்திரண்டே.

மூளை குறைந்ததாலா அவர் முதல் வருஷத்தில் தோற்றார்? இல்லை. பக்கத்தில் வந்து விசாரிக்க ஆள் இல்லாததால் நேர்ந்த தோல்வி அது. கட்டில் நிறையக் கம்பளி இருந்தும் குளிரில் நடுங்கியதும் அதே கதைதான்.

காலாப்பட்டில் கடற்காற்று வீசும் விடுதி அறையிலும், மற்றக் கல்லூரி விடுதிகளிலும் இன்று யாரோ ஒரு புதுப் பிள்ளை, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கலாம். புதிதாக வந்தவர்கள் கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். முன்பே வந்தவர்களோ அவர்கள் கேட்கும் வரை காத்திராமல், ஒரு நடை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.