விளையாட்டும் ராஜதந்திரமும்
ஏவரி பிரண்டேஜின் வாழ்வு தரும் பாடம்

பகிஷ்காரம் என்னும் சொல் நம் தேசத்தாருக்குப் புதிதன்று. 1905-ம் வருஷத்தில் வங்காளப் பிரிவினையை எதிர்த்து அந்நியத் துணியை விலக்கிய நாள் முதல், 1928-ம் வருஷத்தில் ஸைமன் கமிஷனுக்குக் கறுப்புக் கொடி காட்டிய நாள் வரையில், அச்சொல்லின் வலிமையையும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஆனால் அதே ஆயுதம் விளையாட்டு மைதானத்தில் போட்டி வல்லரசுகளின் கைக்குப் போகும்பொழுது என்ன ஆகிறது என்பதை நாம் போதிய அளவு ஆராய்ந்ததில்லை. அதை ஆராய்வதற்கு அமெரிக்கரான ஏவரி பிரண்டேஜின் சரித்திரத்தைக் காட்டிலும் ஏற்றதொரு கண்ணாடி கிடைப்பது அரிது. 1952-ம் வருஷம் முதல் 1972-ம் வருஷம் வரையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக விளங்கிய அவர், விளையாட்டில் அரசியல் புகலாகாது என்று ஓயாமல் உபதேசித்தவர். அத்தகையவரின் வாழ்நாளில் பெரும் பகுதி அரசியல் பகிஷ்காரங்களுடன் போராடுவதிலேயே கழிந்தது.

பிரண்டேஜ் 1887-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 28-ந் தேதி டெட்ராய்ட் நகரில் பிறந்தார். குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்த பின் தகப்பனார் குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். சிறுவன் உறவினர் ஆதரவில் வளர்ந்து, வீடு வீடாகப் பத்திரிகை போட்டுக்கொண்டே படித்து, 1909-ம் வருஷத்தில் இல்லினாய் சர்வகலாசாலையில் என்ஜினீயர் பட்டம் பெற்றான். 1912-ம் வருஷத்து ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் அடங்கிய பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். பத்துப் போட்டிகள் அடங்கிய பந்தயத்தை முடிக்காமலே விலகினார். அவ்விரண்டிலும் முதற்பரிசு பெற்றவர் அமெரிக்கப் பூர்வகுடி வம்சத்தவரான ஜிம் தார்ப். சில்லறைக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற குற்றத்துக்காக 1913-ம் வருஷத்தில் தார்ப்பின் பரிசுகள் பறிக்கப்பட்டன. அவற்றைத் திருப்பித் தர வேண்டுமென்ற வேண்டுகோளுக்குப் பிரண்டேஜ் தம் அதிகார காலம் முழுவதும் செவி சாய்க்கவில்லை. அவர் இறந்த பிறகே, 1983-ம் வருஷத்தில், தார்ப்பின் மக்களிடம் பதக்கங்கள் சேர்ந்தன. மனிதனைவிட விதியே பெரிது என்ற பிடிவாதம் பிரண்டேஜின் குணத்தில் இளமையிலேயே ஊறியிருந்தது. 1915-ம் வருஷத்தில் அவர் தொடங்கிய கட்டிடக் கம்பெனி அவரைப் பெருஞ் செல்வராக்கிற்று. 1928-ம் வருஷத்தில் அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. அமெரிக்க ஒலிம்பிக் ஸ்தாபனமும் விரைவில் அவர் கைக்குள் வந்தது.

அவருக்கு முதற் பரீட்சை பெர்லின். 1936-ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயங்களை ஜெர்மனியில் நடத்துவதென்று 1931-ம் வருஷத்திலேயே தீர்மானமாகியிருந்தது. 1933-ம் வருஷத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் விளையாட்டுக் கழகங்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். இந்த அக்கிரமம் நடக்கும் ஊருக்கு நம் வீரர்கள் போகலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் பலமாக எழுந்தது. 1934-ம் வருஷத்தில் நேரில் விசாரிக்கச் சென்ற பிரண்டேஜ், நாஜி அதிகாரிகள் உடனிருக்கவே யூத விளையாட்டுத் தலைவர்களைக் கண்டு பேசினார். பக்கத்தில் போலீஸ்காரனை வைத்துக்கொண்டு கைதியிடம் குறை கேட்பது எவ்வளவு பயன் தரும் என்பதை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறையொன்றுமில்லை என்று திரும்பி வந்து அறிவித்த அவர், பகிஷ்கார இயக்கம் யூதர்களும் கம்யூனிஸ்டுகளும் செய்யும் சூழ்ச்சி என்றே கருதினார். எதிர்க்கட்சிக்குத் தலைமை வகித்தவர் நீதிபதியாயிருந்த ஜெரமையா மஹோனி. 1935-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நியூயார்க்கில் கூடிய அமெச்சூர் சங்க மகாநாட்டில் இரண்டரை வோட்டு வித்தியாசத்தில் மஹோனி கட்சி தோற்றது. சர்வதேசக் கமிட்டியில் பகிஷ்காரத்தை ஆதரித்த அமெரிக்க அங்கத்தினர் எர்னஸ்ட் லீ ஜான்கி 1936-ம் வருஷத்தில் நீக்கப்பட்டார். காலியான அந்த ஆசனத்தில் பிரண்டேஜ் அமர்ந்தார்.

பகிஷ்காரத்துக்கு மாறாக அக்காலத்தில் சொல்லப்பட்ட வாதங்கள் எல்லாம் போலியல்ல. சொந்த தேசத்தில் கறுப்பரை ஒதுக்கி வைக்கும் அமெரிக்கா ஜெர்மனிக்கு நீதி போதிக்கலாமா என்று கறுப்பு அமெரிக்கர் பத்திரிகைகள் சில கேட்டன. பெர்லினுக்குப் போன ஜெஸ்ஸி ஓவென்ஸ் நான்கு தங்கப் பதக்கங்கள் வென்று ஹிட்லரின் இன வேதாந்தத்தை ஓடு பாதையிலேயே பொய்யாக்கினார். நமது தியான் சந்தின் ஹாக்கிக் கோஷ்டி ஆகஸ்டு 15-ந் தேதி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முறியடித்தது. ஆயினும், உயரத் தாண்டுவதில் ஜெர்மனியின் சாதனையை எட்டியிருந்த யூதப் பெண் கிரெட்டல் பெர்க்மன், அமெரிக்க வீரர்கள் கப்பலேறிய பின் கோஷ்டியிலிருந்து தள்ளப்பட்டாள் என்பதையும் மறக்கலாகாது. விருந்தாளிகள் வந்து சேருவது நிச்சயமானதும் வேஷம் தேவையற்றதாகிவிட்டது. அதே வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் ஹிட்லர் உடன்படிக்கைகளை மீறி ரைன்லாந்தில் படையை நுழைத்திருந்தார். ஆறு மாதம் கழிவதற்குள் 49 தேசங்களின் வீரர்கள் அவர் முன் அணிவகுத்தார்கள். பகிஷ்காரம் நடந்திருந்தால் யுத்தம் நின்றிருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. போகாமலிருப்பது அரசியலானால், போவதும் அரசியலே என்பதுதான் நாம் சொல்வது.

1952-ம் வருஷத்தில் பிரண்டேஜ் சர்வதேசக் கமிட்டியின் தலைவரானார். அதே வருஷம் ஹெல்சிங்கியில் சோவியத் ருஷ்யா முதன் முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. அன்று முதல் பதக்கக் கணக்கு இரு வல்லரசுகளின் பலக் கணக்காயிற்று. பங்குகொள்வதும் விலகுவதும் ராஜதந்திரிகளின் கைக்கருவிகளாயின. 1956-ம் வருஷத்தில் மெல்போர்ன் பந்தயம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு ருஷ்ய டாங்கிகள் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கின. எகிப்தின்மீது பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் பாய்ந்தன. ஹங்கேரியின் பொருட்டு ஹாலந்து, ஸ்பெயின், ஸ்விட்ஸர்லாந்து ஆகிய மூன்றும் விலகின. சூயஸின் பொருட்டு எகிப்து, ஈராக், லெபனான் மூன்றும் விலகின. தைவானுக்கு இடமளித்ததை எதிர்த்து மக்கள் சீனாவும் விலகிற்று. போட்டி தனி மனிதருக்கிடையே அன்றித் தேசங்களுக்கிடையே அல்லவென்று பிரண்டேஜ் அனைவரையும் கண்டித்தார். அக்கிரமம் செய்தவர்களில் ஒருவரும் மைதானத்தை விட்டு அகலவில்லை. 37 தங்கப் பதக்கங்களுடன் ருஷ்யா முதலிடம் பெற்றது. விலகியவர்களோ அவரவர் கோபத்துக்காக அவரவர் விலகினர். ஒன்றுபட்ட கோரிக்கை இல்லாத பகிஷ்காரம் பல திசைகளில் சிதறிய புகையாகப் போயிற்று.

இரண்டு சீனங்களும் இரண்டு ஜெர்மனிகளும் அவரைப் படுத்திய பாடு தனிக் கதை. 1958-ம் வருஷத்தில் மக்கள் சீனா, அவரை அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் கையாள் என்று தூற்றிவிட்டு ஒலிம்பிக் இயக்கத்தையே துறந்தது. மறு வருஷம், சீனா முழுவதற்கும் பிரதிநிதி என்ற பெயரில் தைவான் வரலாகாதென்று கமிட்டி தீர்மானித்ததும், கம்யூனிஸ்டுகளுக்கு அடிபணிந்தார் என்று அவருடைய சொந்த நாட்டுப் பத்திரிகைகளே சீறின. 1960-ம் வருஷம் ரோமாபுரியில் தைவான் வீரர்கள் தங்கள் ஆட்சேபத்தை அட்டையில் எழுதித் தூக்கிக்கொண்டே அணிவகுத்தனர். ஜெர்மனி விஷயத்தில் மாத்திரம் அவருக்கு ஓரளவு வெற்றி கிட்டிற்று. 1956, 1960, 1964 ஆகிய மூன்று பந்தயங்களிலும் கிழக்கும் மேற்கும் ஒரே கோஷ்டியாக வந்தன. ஆனால் பெர்லினில் 1961-ம் வருஷத்தில் எழுந்த சுவரை அந்த ஒரே கோஷ்டி தடுக்கவில்லை. 1968-ம் வருஷத்திலிருந்து கோஷ்டியும் இரண்டாயிற்று.

1962-ம் வருஷத்தில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயங்களில் நம் தேசமும் இந்தச் சுழலில் சிக்கிற்று. தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் இந்தோனேசியா அநுமதி மறுத்ததை நமது ஜி. டி. சோந்தி ஆட்சேபித்தார். அதற்குப் பதிலாக ஜகார்த்தாவிலிருந்த இந்திய ஸ்தானிகராலயம் ஒரு கூட்டத்தால் தாக்கப்பட்டது. சர்வதேசக் கமிட்டி இந்தோனேசியாவைத் தள்ளி வைத்ததும், ஜனாதிபதி சுகர்ணோ புதிதாய்த் தோன்றும் தேசங்களின் பந்தயம் என்ற பெயரில் 1963-ம் வருஷம் நவம்பரில் சுமார் 50 தேசங்களைக் கூட்டிப் போட்டி ஒலிம்பிக் ஒன்றை நடத்திக் காட்டினார். பகிஷ்காரத்திலிருந்து மாற்று ஸ்தாபனம் பிறக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ஆயினும் அங்கு கலந்துகொண்ட வீரர்கள் பலரை டோக்கியோவில் சேர்க்க மறுத்ததால், 1964-ம் வருஷத்தில் இந்தோனேசியாவும் வட கொரியாவும் பந்தயத்தைத் துறந்து திரும்பின.

பிரண்டேஜை உண்மையில் வென்ற பகிஷ்காரம் வல்லரசுகளிடமிருந்து வரவில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அல்லாதார் எவ்வளவு திறமை பெற்றிருந்தாலும் தேசக் கோஷ்டியில் இடமில்லை. இதை உலகறியச் செய்யப் பாடுபட்ட கவி டென்னிஸ் புரூட்டஸ் 1963-ம் வருஷத்தில் போலீஸ் குண்டு பட்டு, பிறகு ராபன் தீவுச் சிறையில் கல்லுடைத்தார். 1964-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு அழைப்பு மறுக்கப்பட்டது. 1968-ம் வருஷம் பிப்ரவரியில், தேர்வு தனித்தனியே நடக்கும், கோஷ்டி ஒன்றாகவே வரும் என்ற வாக்குறுதியை நம்பிக் கமிட்டி மறுபடியும் கதவைத் திறந்தது. உடனே ஆப்பிரிக்க தேசங்கள் ஒரே குரலாக எழுந்தன. ருஷ்யா உட்படச் சுமார் 40 தேசங்கள் மெக்ஸிகோவுக்கு வரமாட்டா என்ற நிலைமை உண்டாயிற்று. ஏப்ரலில் அழைப்பு ரத்தாயிற்று. 1970-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்கா அடியோடு வெளியேற்றப்பட்டது.

தென்னாப்பிரிக்க இந்தியரை இழிவுபடுத்திய சட்டங்களைக் கண்டித்து 1946-ம் வருஷத்திலேயே அந்தத் தேசத்துடன் வியாபாரத்தை நிறுத்தியவர்கள் நாம். 1974-ம் வருஷத்தில் டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதி ஆட்டத்துக்கு இந்தியா வந்து சேர்ந்தது. சென்னையைச் சேர்ந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. ஆடமாட்டோம் என்று இந்தியா விலகிற்று. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அதுவரை ஒரு தரமும் பெறாத கோப்பையை, ஒரே ஒரு ஆட்டத் தொலைவில் நின்றுகொண்டு, துறந்த தியாகம் அது. அந்த வீரர்களின் இழப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

பிரண்டேஜின் கடைசி ஒலிம்பிக் 1972-ம் வருஷம் மியூனிக்கில் நடந்தது. சிறுபான்மை வெள்ளையர் ஆண்ட ரொடீஷியாவைச் சேர்த்தால் விலகுவோம் என்று ஆப்பிரிக்க தேசங்கள் மீண்டும் அறிவித்தன. அவர் விருப்பத்துக்கு மாறாகக் கமிட்டி 36-க்கு 31 என்ற வோட்டுக் கணக்கில் ரொடீஷியாவை விலக்கிற்று. பந்தயத்தின் நடுவே இஸ்ரேலியக் கோஷ்டியினர் 11 பேர் பயங்கரவாதிகளின் கையில் மாண்டார்கள். மறுநாள் அஞ்சலிக் கூட்டத்தில், பந்தயம் தொடரும் என்று அறிவித்த பிரண்டேஜ், அந்தக் கொலையையும் ரொடீஷியா விவகாரத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசினார். உலகம் திடுக்கிட்டது; பின்னர் அவரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஆயுதத்தால் கொல்வதும் அநீதியுடன் ஆட மறுப்பதும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின. அரசியல் என்று ஒரு பெயரிட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதன் விளைவு அது. 1975-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி, 1936-ம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் நடந்த கார்மிஷ்-பார்டன்கிர்சென் என்ற அதே ஜெர்மானிய ஊரில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் பகிஷ்காரம் பெருகிற்று. 1976-ம் வருஷத்தில், தென்னாப்பிரிக்காவுடன் ரக்பி ஆடிய நியூஸிலாந்தை எதிர்த்து இருபதுக்கு மேற்பட்ட தேசங்கள் மாண்ட்ரியாலை விட்டு விலகின. மறு வருஷமே காமன்வெல்த் தலைவர்கள் கூடித் தென்னாப்பிரிக்காவுடன் விளையாட்டுறவு கூடாதென ஒப்பினர். நிறவெறிச் சட்டங்கள் சரிந்த பின்னரே, 1992-ம் வருஷத்தில், அந்தத் தேசம் ஒலிம்பிக்குக்குத் திரும்பிற்று. 1980-ம் வருஷத்தில், ஆப்கானிஸ்தானத்தில் ருஷ்யப் படை புகுந்ததைக் கண்டித்து ஜனாதிபதி கார்ட்டர் மாஸ்கோவைப் பகிஷ்கரித்தார். சுமார் 65 தேசங்கள் வரவில்லை. கலந்துகொண்ட இந்தியா, சென்னை வீரர் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் பெற்றது. ருஷ்யப் படையோ 1989-ம் வருஷம் வரையில் நகரவில்லை. 1984-ம் வருஷத்தில் ருஷ்யாவும் அதன் தோழர்களும் லாஸ் ஏஞ்சலஸைப் பகிஷ்கரித்துப் பழி தீர்த்தனர். அமெரிக்க விவசாயிகள் முணுமுணுத்ததும், ருஷ்யாவுக்குத் தானியம் விற்பதற்கிருந்த தடை 1981-ம் வருஷத்தில் நீங்கிற்று. வீரர்கள் இழந்த ஒலிம்பிக்கை எவராலும் திருப்பித் தர முடியவில்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் காணும் உண்மை ஒன்றே. தென்னாப்பிரிக்கப் பகிஷ்காரம் மைதானத்தில் நடந்த அநீதியை மைதானத்திலேயே எதிர்த்தது, அதன் கோரிக்கை தெளிவாயிருந்தது, ஒற்றுமை குலையவில்லை, பகிஷ்கரித்தவர்கள் தங்கள் நஷ்டத்தைத் தாங்களே ஏற்றார்கள். ஆதலால் பலித்தது. வல்லரசுகளின் பகிஷ்காரமோ, செய்ய வேண்டிய கடினமான காரியத்தைச் செய்யாமல், இருபது வயது வாலிபர்களின் உழைப்பைக் கொடுத்துக் கௌரவம் வாங்கும் வியாபாரமாயிற்று. ஆதலால் பலிக்கவில்லை. 2022-ம் வருஷத்தில் பீகிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் வீரர்களை அனுப்பிவிட்டு அதிகாரிகளை மட்டும் நிறுத்திக்கொண்டன. கல்வானில் நம் வீரர்களுடன் மோதிய சீனப் படைத் தலைவர் ஒருவர் தீபம் ஏந்தவே, நம் ஸ்தானிகராலயத்தின் பொறுப்பதிகாரியும் விழாவுக்குப் போகவில்லை. நஷ்டத்தை வீரர் தலையில் ஏற்றாமல் ஆட்சேபத்தைத் தெரிவிக்கும் முறை என்ற அளவில் இதை நாம் ஒப்புகிறோம். இதனால் பெரும்பலன் விளையும் என்று மயங்கவேண்டியதில்லை.

விளையாட்டில் அரசியல் கூடாது என்று எவரேனும் சொல்லும்பொழுது, கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். பகிஷ்கரிப்போம் என்று எவரேனும் முழங்கும்பொழுது, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். முதற் கேள்வியைப் பிரண்டேஜ் தம் வாழ்நாளில் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டாவது கேள்வியை அவருக்குப் பின் வந்த வல்லரசுத் தலைவர்கள் கேட்கவில்லை. பொதுக் காரியத்தில் இறங்கியிருக்கும் நம் வாலிபர்கள் இரண்டையும் கேட்கப் பழக வேண்டும்.