குளியலறையில் தொடங்கிய ஆஸ்பத்திரி: நாகர்கோவிலின் ஹாரி ஆண்ட்ரூஸ் யார்?

நாகர்கோவில்காரர்களிடம் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால் யோசிக்காமல் கை காட்டுவார்கள். அது எங்கே, எப்படித் தொடங்கியது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அதன் தொடக்கம் ஒரு குளியலறை. தொடங்கியவர் இருபது வயதைக் கடந்த ஓர் இளைஞர். அப்போது அவர் டாக்டர் இல்லை, மருத்துவம் படித்தவரும் இல்லை. 26 ஆண்டுகள் கழித்து, ஒரு ராணுவ மருத்துவராக உயிரை விட்டார். பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் பெயர் ஹென்றி ஜான் ஆண்ட்ரூஸ். எல்லோருக்கும் ஹாரி.

லண்டனிலிருந்து நாஞ்சில் நாட்டுக்கு

1870களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தவர் ஹாரி. ஆதரவில்லாத குழந்தையாக இருந்த அவரை இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தின் மகள் எம்மா எடுத்து வளர்த்தார். எம்மாவின் கணவர் பிரெடெரிக் டக்கர் இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு, 1882ல் பம்பாயில் இரட்சணிய சேனையின் பணியைத் தொடங்கியவர். இந்தக் குடும்பத்தின் வழியாகத்தான் ஹாரியும் பதின்ம வயதிலேயே இந்தியா வந்து சேர்ந்தார். பிறகு சேனையின் இளம் அதிகாரியாக நாகர்கோவிலில் பணியில் இருந்தார்.

அன்றைய நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838லேயே தொடங்கியிருந்தது. ஆனால் பஸ் வசதி இல்லாத அந்தக் காலத்தில், நோயாளியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது எல்லோராலும் முடிகிற காரியமா?

1893ல், நாகர்கோவிலில் இருந்த சேனைத் தலைமையகத்தின் குளியலறையையே ஒரு சின்ன டிஸ்பென்சரியாக மாற்றினார் ஹாரி. இந்தியாவில் இரட்சணிய சேனையின் மருத்துவப் பணிக்கு அதுதான் தொடக்கப் புள்ளி.

அந்த அறையில் இருந்த ஆபத்து

கேட்க நல்லா இருக்கு. ஆனால் இன்றைய நர்சிங் மாணவி ஒருவர் இதைப் படித்தால் முதலில் ஒரு கேள்விதான் கேட்பார்: ஒரே சின்ன அறையில் புண்ணோடு வருபவர், காய்ச்சலோடு வருபவர், வயிற்றுப்போக்கோடு வருபவர் எல்லோரையும் பார்த்தால், ஒருவருடைய நோய் இன்னொருவருக்குப் போகாதா?

போகும். தொடுகிற கை, கட்டுப்போடும் துணி, பாத்திரம், தண்ணீர் என எதன் வழியாகவும் போகும். நோய்த்தொற்றுத் தடுப்பு என்று இன்று ஒரு பாடமாகச் சொல்லித்தரும் விஷயம் இதுதான்.

1893ல் உலகம் இதை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது. பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் கையைக் கழுவினாலே தாய்மார்களின் மரணம் குறைகிறது என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் 1847லேயே காட்டினார். பெரும்பாலான டாக்டர்கள் அதை ஏற்கவில்லை. 1867ல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் சுத்தப்படுத்தும் முறையை வெளியிட்டார். காலராவை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோச் 1884ல் கல்கத்தாவில் உறுதி செய்தார். ஹாரி டிஸ்பென்சரி தொடங்கிய அதே 1893ல், வால்டெமர் ஹாஃப்கின் இந்தியாவுக்கு வந்து காலரா தடுப்பூசியைப் போட ஆரம்பித்தார்.

அதாவது அறிவு இருந்தது. ஆனால் அது சோதனைக்கூடத்திலிருந்து சின்ன ஊர்களின் மருந்தகங்களுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

காலரா கற்றுத்தந்த பாடம்

அந்தக் காலத்துத் தென் திருவிதாங்கூருக்குக் காலரா புதிதல்ல. வாந்திபேதி என்று ஊரில் சொல்வார்கள். காலையில் நன்றாக இருந்தவர் இருட்டுவதற்குள் போய்விடுவார். தெய்வக் குற்றம் என்று பயந்தவர்கள் ஏராளம்.

உண்மையில் நடப்பது என்ன? காலராக் கிருமி நோயாளியின் மலத்தில் வெளியேறுகிறது. அது குளத்துக்கோ கிணற்றுக்கோ போனால், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற எல்லோருக்கும் ஆபத்து. கிருமி குடலுக்குள் போனதும் உடம்பின் நீரும் உப்பும் வேகமாக வெளியேறுகின்றன. உயிர் போவது இந்த நீரிழப்பால்தான். சிகிச்சை கிடைக்காவிட்டால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்வரை இறக்க நேரிடும்.

இங்கேதான் பராமரிப்பவரின் பங்கு முக்கியமாகிறது. நோயாளியின் துணியைத் துவைப்பதும் வாந்தியைத் துடைப்பதும் அவர்தான். அடுத்த நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதும் அவரேதான். நடுவில் கையைக் கழுவாவிட்டால், உதவி செய்ய நீட்டிய கையே நோயைச் சுமந்துகொண்டு போய்விடும். நல்ல மனசு இருந்தால் போதும் என்று வார்டுக்குள் நுழையும் தன்னார்வலர்களுக்கு இன்றும் முதலில் சொல்லித்தரப்படும் விஷயம் இதுவே.

உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுவது, கட்டு மாற்றுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ கழிவோ படக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்ட பின். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. அவ்வளவுதான். ஆனால் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

ஆர்வலர் மருத்துவரான கதை

ஹாரி தன் எல்லையைப் புரிந்துகொண்டவர் என்பதற்கு அவர் வாழ்க்கையின் அடுத்த பகுதியே சாட்சி. ஊர் மக்கள் நம்பி வருகிறார்கள், இது போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. முறையாக மருத்துவம் கற்று டாக்டரானார். வட இந்தியாவில் மொராதாபாத்தில் இருந்த இரட்சணிய சேனை மருத்துவமனையில் பணியாற்றினார். அவருடைய சேவைக்கு எம்.பி.இ. பட்டமும் கிடைத்தது.

நாகர்கோவிலில் அவர் போட்ட விதையும் வாடிப்போகவில்லை. 1900ல் பெர்சி டர்னர் என்ற மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். வில்லியம் பூத்தின் மனைவி பெயரால் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி உருவானது.

1919 அக்டோபர் 22

முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாரி இந்திய மருத்துவப் பணியில் தற்காலிக கேப்டனாகச் சேர்ந்தார். போர் முடிந்தும் வடமேற்கு எல்லையில் சண்டை ஓயவில்லை. வசிரிஸ்தானில் கஜூரி என்ற ராணுவ முகாமின் மருத்துவப் பொறுப்பு அவரிடம் இருந்தது.

1919 அக்டோபர் 22 அன்று, முகாமுக்குப் பக்கத்தில் ஒரு வாகன அணி தாக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. பலருக்குக் காயம். ஹாரி உடனே கிளம்பிப் போனார். குண்டு மழைக்கு நடுவே முதலுதவி இடம் ஒன்றை அமைத்தார். அந்த இடம் காயம்பட்டவர்களுக்கு ஓரளவு மறைவாக இருந்தது, அவருக்கு அந்த மறைவும் இல்லை. அங்கே இருக்க முடியாமல் போனதும் இடத்தை மாற்றி, கட்டுப்போடும் வேலையைத் தொடர்ந்தார். பிறகு ஒரு ஃபோர்டு வேன் கிடைத்தது. காயம்பட்டவர்களைத் தூக்கி அதில் ஏற்றினார். எல்லோரையும் ஏற்றி முடித்து, கடைசியாகத் தானும் ஏறும்போது சுடப்பட்டு இறந்தார். அப்போது அவர் ஐம்பதைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

அந்த விருதால்தான் உலகம் இன்றும் அவரை நினைவில் வைத்திருக்கிறது. நாகர்கோவிலிலோ, அவர் குளியலறையில் தொடங்கிய பணி ஆஸ்பத்திரியாக வளர்ந்து, 130 ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்கிறது. கேத்தரின் பூத் பெயரிலேயே நர்சிங் கல்வியும் நடக்கிறது. அங்கே பயிற்சிக்கு வரும் மாணவ, மாணவியர் நோயாளியைத் தொடும் முன் குழாயைத் திறந்து கை கழுவக் கற்றுக்கொள்கிறார்கள்.