கே. பி. எஸ். மேனனும் கொரிய நாடும்

மலையாள நாட்டுக் கோட்டயம் நகரில், 1898ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள், வழக்கறிஞர் ஒருவருடைய இல்லத்திலே தோன்றிய சிவசங்கர மேனனை உலகம் கே. பி. எஸ். மேனன் என்றே அறியும். சுதந்தர இந்தியாவின் முதல் அயல்நாட்டுச் செயலாளர் அவர். சீனத்திலும் ருஷியாவிலும் நம் நாட்டு ஸ்தானிகராய் வீற்றிருந்தவர். ஆங்கிலத்தில் இனிய நூல்கள் இயற்றியவர். இவையெல்லாம் சரித்திர மாணாக்கர் அறிந்தனவே. ஆயினும் 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சற்றேறக்குறைய இரண்டு திங்கள் அளவில், கொரிய நாட்டிலே அவர் ஆற்றிய தொண்டினை நம்மவர் பேசக் கேட்டிலேன். அதனையே ஈண்டு விரித்து எழுதப் புகுந்தேன்.

கொரியாவைப் பற்றிய பேச்சுக்கு இக்காலத்தில் நம்மிடையே பஞ்சம் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீதியிலே பள்ளிச் சிறுமியர் கொரியப் பாட்டுக்களைப் பொருள் அறியாமலே பாடுகின்றனர். கொரியத் தொடர் நாடகங்களைக் கண்ணீர் மல்கப் பார்த்திருக்கும் தாய்மாரும் உளர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே கொரியக் கம்பெனியார் செய்யும் கார்கள் நம் வடசென்னைக் கரையிலிருந்தே கப்பலேறுகின்றன. தமிழ் பயில்வோரோ அம்மா, அப்பா என்னும் சொற்கள் கொரிய மொழியில் ஏறக்குறைய அவ்வாறே வழங்குவதை எடுத்துக்காட்டி உறவு கொண்டாடுவர். ஹல்பர்ட் என்னும் அமெரிக்க மிஷனெரி 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் செய்து வைத்தார். மொழிநூலார் அவர் முடிபினை ஏற்றாரல்லர் என்பதையும் உடன் சொல்லிவிடுதல் முறை. இச்சொல்லுறவைக் காட்டிலும் உறுதியான உறவொன்று நமக்கும் கொரியாவுக்கும் உண்டு. அது சென்னையிற் கல்வி கற்ற இம்மேனன் வாயிலாக ஏற்பட்டது.

அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். அக்கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தது 1937ஆம் ஆண்டிலாகும். மேனன் பயின்ற நாளில் அது ஜார்ஜ் டவுனிலே, உயர்நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறத்தில், துறைமுகத்தின் அருகே இருந்தது. எங்கள் பேட்டையிலிருந்து அரைக் காதமும் இராது. அங்கிருந்து ஆக்ஸ்போர்டு சென்று கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிற் பயின்று, ஐ. சி. எஸ். தேர்வில் முதல்வராய்த் தேறினார். காங்கிரஸ் மகாசபைத் தலைவராயிருந்த சர் சி. சங்கரன் நாயரின் புதல்வி சரஸ்வதி அம்மையாரை மணந்தார். சென்னை மாகாணத்தில் சில காலம் அலுவல் பார்த்தபின், இலங்கையில் இந்திய ராஜாங்கத்தின் ஏஜெண்டாய் அமர்ந்து, தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்த் தொழிலாளர் நலத்தைக் கவனித்தார். 1934இல் சான்சிபார்த் தீவுக்குச் சென்று அங்குள்ள இந்திய வணிகரின் குறைகளை விசாரித்தார். 1944இல் சீனத்துக்குச் சென்றபோது வானவூர்தியை விட்டு, காசுமீரத்திலிருந்து மலைக் கணவாய்களையும் சீனத்துப் பாலைவெளிகளையும் கடந்து நான்கு திங்கள் பிரயாணம் செய்து சுங்கிங் நகரை அடைந்தார். அப்பிரயாண நூலுக்கு முகவுரை வழங்கியவர் நேரு பெருமான்.

இனிக் கொரியாவின் நிலையைச் சிறிது கூறல் வேண்டும். 1910ஆம் ஆண்டில் ஜப்பானியர் அந்நாட்டைத் தம் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டனர். முப்பத்தைந்து ஆண்டு அடிமை வாழ்வு வாழ்ந்த கொரியர் 1945 ஆகஸ்டில் விடுதலை பெற்றனர். பெற்ற விடுதலையை அவர்கள் முழுதாய் அனுபவிக்கவில்லை. ஜப்பானியச் சேனையைச் சரணடையச் செய்யும் பொருட்டு, வடக்கில் ருஷியரும் தெற்கில் அமெரிக்கரும் புகுந்தனர். இரு சேனைக்கும் இடையே எல்லை யாதென வினவியபோது, வாஷிங்டனில் இராணுவ அதிகாரிகள் இருவர் ஓர் இரவிலே பூகோளப் படத்தை விரித்து 38ஆம் ரேகையைக் குறித்தனர். ஆறும் மலையும் நோக்காது, ஊரும் உறவும் நோக்காது இழுத்த கோடு அது. தற்காலிகமென்று இழுத்த அக்கோடு நாளடைவில் மதிலாயிற்று.

மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்நாளையக் கொரியத் தலைவருட் பலர் மிஷனெரிமார் நிழலில் வளர்ந்தவர்கள். சிங்மன் ரீ மெதடிஸ்டு மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்றுச் சிறையிலே கிறிஸ்தவரானவர். கிம் கியூ சிக் என்பாரை எடுத்து வளர்த்தவர் அண்டர்வுட் பாதிரியார். முதிய தேசபக்தரான கிம் கூ என்பாரும் கிறிஸ்தவரே. இன்று ஆலயமணி கேளாத வடகொரியத் தலைநகர் பியாங்யாங், முன்னாளில் கீழ்த்திசையின் எருசலேம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஒரே வேதத்தை ஓதிய இம்மூவரும் நாட்டின் கதியைப்பற்றி ஒருமனப்படவில்லை. தெற்கிலேனும் உடனே தேர்தல் நடத்தி அரசு நிறுவுதல் வேண்டும் என்பது ரீயின் கொள்கை. தனித் தேர்தல் நாட்டை என்றைக்கும் துண்டாக்கிவிடும் என்பது ஏனை இருவர் கொள்கை.

1947 நவம்பரில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனம், கொரியா முழுவதிலும் தேர்தலை மேற்பார்வையிட ஒரு கமிஷனை நியமித்தது. ஒன்பது நாடுகளுள் உக்ரேன் மறுத்துவிட, எட்டு நாட்டுப் பிரதிநிதிகள் 1948 ஜனவரியில் தலைநகராகிய சியோலில் பழைய அரண்மனை ஒன்றிலே கூடினர். மேனன் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். இந்தியா பிளவுண்டு ஐந்து திங்களே ஆகியிருந்தது. பஞ்சாபில் சிந்திய இரத்தம் உலரவில்லை. அம்மாதம் 30ஆம் நாள் காந்தியடிகளையும் அப்பகையே பலிகொண்டது. பிரிவினையின் கொடுமையை இவ்வாறு உணர்ந்த நாட்டவர் ஒருவர், பிறிதொரு நாட்டின் பிரிவினையைத் தீர்மானிக்கும் பீடத்தில் அமர நேர்ந்தமை எத்துணைக் கடுமையான சோதனை!

ருஷியர் 38ஆம் ரேகைக்கு அப்பால் கமிஷனை அடியெடுத்து வைக்க விடவில்லை. ஆகவே கமிஷனார் தெற்கிலே தலைவர்களை அழைத்து உரையாடினர். மேனனும் ரீ, கிம் கூ, கிம் கியூ சிக் ஆகியோர் கருத்துக்களைக் கேட்டறிந்தார். தொடக்கத்தில் அவர் உள்ளம் தனித் தேர்தலை விரும்பவில்லை. கொரியா ஒன்றே என்பது அவர் கருத்து. பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்காவில் லேக் சக்செஸ் என்னுமிடத்தில் ஐக்கிய நாட்டு இடைக்காலக் குழுவின் முன் நின்று நிலைமையை விளக்கினார். ஒரு வாரத்திற்குள் அக்குழு, கமிஷன் புகக்கூடிய பகுதியில் மாத்திரமேனும் தேர்தல் நடத்துக என்று 31 வாக்குக்களால் தீர்மானித்தது. எதிர்த்தவை கானடாவும் ஆஸ்திரேலியாவுமே. 11 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின.

இதற்கிடையே மேனனுக்கு அறிமுகமானவர் மோ யுன்சுக் என்னும் பெண்பாற் புலவர். மிஷனெரி மாது ஒருவர் தோற்றுவித்த இஹ்வா பெண்கள் கல்லூரியில் பயின்றவர், ஆங்கிலம் வல்லவர், ரீயின் கட்சிக்கு உழைத்தவர். கவிதையில் மேனனுக்கு இருந்த ஈடுபாட்டை ரீ நன்கு அறிந்துகொண்டார் போலும். சியோலின் குளிர் மாலைகளில் புலவரம்மையார் தம் நாட்டின் வரலாற்றையும் துயரத்தையும் எடுத்துரைக்க, மேனன் மனம் சிறிது சிறிதாக இளகிற்று. இருவர் நட்பையும் காதற் கதையாகப் புனைந்து பேசினவர் கொரியாவில் உண்டு. அவ்வம்பலுரையை ஈண்டு எடுத்துப் பேசுதல் நமக்கு அழகன்று.

மார்ச்சு 12ஆம் நாள் கமிஷன் வாக்கெடுத்தது. தெற்கில் தேர்தல் நடத்தும் தீர்மானத்தை இந்தியா, சீனம், பிலிப்பைன்ஸ், எல் சால்வடார் ஆகிய நான்கும் ஆதரித்தன. கானடாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்தன. பிரான்சும் சிரியாவும் நடுநின்றன. கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு உண்மை புலனாகும்: இந்தியாவின் ஒரு வாக்கு மறுபுறம் சாய்ந்திருப்பின் மூன்றுக்கு மூன்றாய் நின்று தீர்மானம் நிறைவேறாது. கொரியாவின் விதியில் ஒரு பங்கு அன்று மேனன் கையில் இருந்தது.

பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவேன். ஏப்ரலில் ஜேஜூ தீவிலே கிளர்ச்சி மூண்டு, அதனை அடக்கியதில் பல்லாயிரவர் மாண்டனர். கிம் கூவும் கிம் கியூ சிக்கும் பியாங்யாங் சென்று சமரசம் நாடி வெறுங்கையராய் மீண்டனர். மே 10ஆம் நாள் தெற்கில் தேர்தல். ஆகஸ்டு 15ஆம் நாள் ரீயின் குடியரசு. செப்டம்பர் 9ஆம் நாள் வடக்கில் கிம் இல் சுங்கின் அரசு. அடுத்த ஆண்டு கிம் கூவைச் சுட்டுக் கொன்றனர். 1950 ஜூன் 25ஆம் நாள் தொடங்கிய போர் மூன்றாண்டு நடந்து, இருபது லட்சத்துக்குக் குறையாத உயிர்களைக் கொள்ளைகொண்டது.

அப்போர்க்காலத்தில் மேனன் டெல்லியில் அயல்நாட்டுச் செயலாளர்; 1952 முதல் மாஸ்கோவில் ஸ்தானிகர். இந்தியா போர்ச் சேனை அனுப்பவில்லை. தமிழராகிய கர்னல் ரங்கராஜ் தலைமையில் மருத்துவப் படை ஒன்றையே அனுப்பிற்று. போர்க் கைதிகளைப் பற்றிய சிக்கலைத் தீர்க்க ஐக்கிய நாட்டுச் சபையில் வழி கண்டவர் வி. கே. கிருஷ்ண மேனன், பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராக மயங்குவோர் பலர். 1953இல் போர் நின்றபின், தாயகம் திரும்ப மறுத்த கைதிகளைக் காக்கும் பொறுப்பு ஜெனரல் திம்மய்யாவிடம் வந்தது. வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா என்று கூறிய கொரியர் 76 பேரும், சீனர் 12 பேரும் இந்தியச் சேனையோடு கப்பலேறி, 1954 பிப்ரவரியில் வந்திறங்கிய இடம் நம் சென்னைத் துறைமுகம். இராயபுரத்து மீனவர் கட்டுமரம் தள்ளும் கடலிலேதான் அக்கப்பலும் வந்தது. தம் நாடு இரண்டாகியமையால் நாடே இல்லாதவராயினர் அவர்கள். பெரும்பாலோர் பின்னர்ப் பிரேசிலுக்கும் அர்ஜெண்டினாவுக்கும் சென்றனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர். இத்தகைய கைதி ஒருவனையே தலைவனாக வைத்து, சோய் இன்ஹுன் என்னும் கொரிய ஆசிரியர் 1960இல் சதுக்கம் என்னும் நவீனம் எழுதினார். அத்தலைவன் நடுநிலை நாடு நோக்கிச் செல்லும் கப்பலிலிருந்து கடலில் மறைந்துபோகிறான்.

மாஸ்கோவில் மேனன் ஒன்பது ஆண்டு இருந்தார். 1953 பிப்ரவரி 17ஆம் நாள் ஸ்டாலினைக் கண்டு பேசினார். அடுத்த மாதமே ஸ்டாலின் மாண்டார். 1961இல் ஓய்வு பெற்று ஒற்றப்பாலத்தில் வாழலானார். 1965இல் தம் சுயசரிதையை வெளியிட்டபோது, கொரியச் செய்தியை அவர் மறைத்தாரில்லை. தம் உத்தியோக வாழ்வு முழுவதிலும் அறிவை உள்ளம் வென்ற சமயம் அஃது ஒன்றே என்று எழுதி, அவ்வாறு வென்றமைக்கு மோ அம்மையாரின் நட்பே காரணம் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

இவ்வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் சொல்லால் ஒரு நாடு பிளவுண்டது என்று சிலர் முடிவு கட்டுவர். எனக்கு அஃது உடன்பாடன்று. கோட்டை இழுத்தவர் மோ அம்மையார் அல்லர். இழுத்த கோட்டைக் காத்து நின்ற இரண்டு சேனைகளும் அவருடையன அல்ல. மார்ச்சுத் தீர்மானம் தோற்றிருப்பினும் அமெரிக்கர் தம் சேனை நின்ற நாட்டில் ரீயின் அரசை எவ்வகையிலேனும் நிறுவியிருப்பர் என்றே தோன்றுகிறது. ஆயினும் அவ்வரசின் பிறப்புக்கு உலக சபையின் முத்திரை கிடைத்தது மேனன் வாக்கினால். அதனை அவர் அறிவார். அறிந்தமையாலன்றோ, பதினேழு ஆண்டு கழித்து, யாரும் கேளாதிருக்கவும், பழி வருமென்று அஞ்சாது ஏட்டில் எழுதி வைத்தார்! உயர்பதவி வகித்தோர் தம் சரிதங்களில் இத்தகைய பக்கங்கள் எழுதுவது அரிது.

அவர் நூல் வெளிவந்த 1965ஆம் ஆண்டிலேயே சிங்மன் ரீ ஹவாய்த் தீவில் உயிர் நீத்தார். 1960 ஏப்ரலில் சியோல் மாணவர் திரண்டெழுந்து அவரது கொடுங்கோலை வீழ்த்தியதால் நாட்டை விட்டோடியவர் அவர். மேனன் 1982 நவம்பர் 22ஆம் நாள் ஒற்றப்பாலத்தில் காலமானார். அவர் மகனும் பேரனும் பின்னாளில் அவர் வகித்த அயல்நாட்டுச் செயலாளர் பதவியையே வகித்தனர். மோ யுன்சுக் அம்மையார் 1990ஆம் ஆண்டில் மறைந்தார்.