ஜெ. ஜெ. தாம்சன்

சர் ஜோசப் ஜான் தாம்சன் (டிசம்பர் 18, 1856 – ஆகஸ்ட் 30, 1940) ஓர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆவார். 1897 இல் எதிர்மின்னியைக் (எலக்ட்ரான்) கண்டறிந்தவர் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். விரைந்து செல்லும் எதிர்மின்னி ஒன்று அணுவில் மோதி அதனை அயனியாக்கும் நிகழ்வுக்குத் தொடக்ககாலக் கோட்பாட்டை வகுத்தவரும் இவரே.

வாழ்க்கை

தாம்சன் மான்செஸ்டரில் புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 14 ஆவது அகவையில் ஓவன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். இவரைப் பொறியாளராக்கவே பெற்றோர் எண்ணியிருந்தனர். ஆனால் 1873 இல் தந்தை இறந்ததால் தொழிற்பயிற்சிக்கான கட்டணத்தைச் செலுத்த இயலவில்லை. எனவே உதவித்தொகை பெற்று 1876 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்றார். 1884 இல் கேவண்டிஷ் பேராசிரியரானார். வளிமங்களின் ஊடே மின்சாரம் பாய்வதைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1906 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அயனாக்கக் கோட்பாடு

வளிமத்தில் மின்சாரம் பாய வேண்டுமெனில் அதன் அணுக்கள் அயனியாக வேண்டும். மோதும் எதிர்மின்னி இதனை எந்த அளவுக்குச் செய்யும் என்பதைத் தாம்சன் 1912 இல் கணக்கிட்டார். போரின் அணுக்கோட்பாடு அப்போது வெளிவந்திருக்கவில்லை. அணுவினுள் உள்ள எதிர்மின்னி கட்டற்று அசையாமல் இருப்பதாக இவர் கொண்டார். மோதவரும் எதிர்மின்னி அதனை எவ்வளவு நெருங்கிச் செல்கிறதோ அவ்வளவு மிகுதியான ஆற்றலைத் தரும். தரப்படும் ஆற்றல் அயனாக்க ஆற்றலை விஞ்சினால் அணு அயனியாகும். அதற்கு எவ்வளவு நெருக்கம் தேவையோ அத்தொலைவை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பே அயனாக்கக் குறுக்குவெட்டுப் பரப்பு ஆகும்.

இவ்வளவு எளிய படிமம் உண்மைக்கு நெருங்கி வந்தது வியப்புக்குரியது. அயனாக்க ஆற்றலுக்குக் கீழே அயனாக்கம் இல்லை, அதற்கு மேல் குறுக்குவெட்டுப் பரப்பு விரைந்து உயர்ந்து, ஓர் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லக் குறையும் என்னும் போக்கை இது சரியாகவே தந்தது. அளவுகள்தாம் பொருந்தவில்லை. ஹைட்ரஜனின் அயனாக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான்வோல்ட். தாம்சனின் வாய்பாட்டின்படி உச்சம் அதன் இருமடங்கான 27.2 இல் அமைய வேண்டும். அளவீடுகளிலோ அது 50 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அமைகிறது. உயர் ஆற்றலிலும் வாய்பாடு தேவைக்கு மேல் விரைவாகக் குறைகிறது. தொலைவில் கடந்து செல்லும் எதிர்மின்னியும் ஒளியைப் போல அணுவைக் கிளர்த்த வல்லது என்பது இதில் இடம்பெறவில்லை. ஹான்ஸ் பெத்தே 1930 இல் குவாண்டம் விசையியலைக் கொண்டு இக்குறையை நீக்கினார்.

எதிர்மின்னி அலையாகவும் இயங்கும் என்பதே குவாண்டம் விசையியலின் அடிப்படை. அதனைச் சோதனை வழியே காட்டி 1937 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர்களுள் ஒருவர் தாம்சனின் மகன் ஜார்ஜ் பேஜட் தாம்சன் ஆவார். ஆயினும் சிக்கல் அத்துடன் முடியவில்லை. மோதலுக்குப் பின் இரு எதிர்மின்னிகளும் ஓர் அயனியும் நெடுந்தொலைவு வரை ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே விலகுகின்றன. ஹைட்ரஜன் அணுவுக்கு இதன் முழுமையான எண்சார் தீர்வு 1999 இல்தான், மீக்கணினிகளின் துணையுடன் வெளியாயிற்று. தாம்சனின் வாய்பாட்டைத் திருத்தியமைத்த வடிவங்கள், விரைவான மதிப்பீடு தேவைப்படும் பிளாஸ்மா இயற்பியலில் இன்றும் பயன்படுகின்றன.

பிற்காலம்

1918 இல் டிரினிட்டி கல்லூரியின் தலைவரான தாம்சன் இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். இவரது அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகில் வைக்கப்பட்டுள்ளது.