கொள்கை மாறாத விக்டர் ஹியூகோ

ஏட்டில் அறத்தை எழுதுவோர் பலர். அவ்வறத்திற்காக இன்னல் ஏற்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் பிரெஞ்சுப் பெரும்புலவர் விக்டர் ஹியூகோ.

இவர் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள் பெசன்சோன் நகரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் நெப்போலியன் படையில் பணிபுரிந்தவர். ஹியூகோ தம் இருபதாம் வயதிலேயே முதற் கவிதை நூலை வெளியிட்டார். 1829-இல், கொலைத் தண்டனை பெற்ற ஒருவனது கடைசி நாளைக் கதையாக எழுதி, அத்தண்டனையின் கொடுமையை உலகிற்கு உணர்த்தினார். 1841-இல் பிரெஞ்சுக் கலைக்கழகம் இவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

1848-இல் பிரான்சில் முடியாட்சி வீழ்ந்து குடியாட்சி மலர்ந்தது. ஹியூகோ மக்கள் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். வறுமையை ஒழித்தல், கட்டணமில்லாக் கல்வி, அனைவர்க்கும் வாக்குரிமை ஆகியவற்றிற்காக அவையில் முழங்கினார்.

குடியரசுத் தலைவராகிய லூயி நெப்போலியனை ஹியூகோ முதலில் ஆதரித்தவரே. ஆயினும் 1851 டிசம்பர் 2-ஆம் நாள், அத்தலைவர் படைவலியால் பேரவையைக் கலைத்தபோது, அவரை எதிர்த்து மக்களைத் திரட்ட முயன்றார். முயற்சி பயன் தரவில்லை. தொழிலாளி உடையில் மறைந்து, பெல்ஜியம் சென்று உயிர் தப்பினார். பின்னர் ஜெர்சி, கெர்ன்சி என்னும் தீவுகளில் வாழ்ந்தார்.

1859-இல், பேரரசராகிவிட்ட லூயி நெப்போலியன் பொது மன்னிப்பு அளித்தார். தாய்நாடு திரும்ப வழி திறந்தது. எனினும், நாட்டிற்கு உரிமை திரும்பும் நாளே தாம் திரும்பும் நாள் எனக் கூறி, ஹியூகோ அதனை மறுத்துவிட்டார். ரொட்டி திருடிச் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் வாடிய ஏழை ஒருவனின் கதையை எழுதி முடித்து, 1862-இல் வெளியிட்டார். அந்நாவலையே கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழில் தந்தார்.

1870-இல் பேரரசு வீழ்ந்த மறுநாளே ஹியூகோ பாரிசு திரும்பினார். 1876-இல் மேலவை உறுப்பினராகி, உள்நாட்டுக் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டோர்க்கு மன்னிப்பு வேண்டி வாதாடினார். அம்மன்னிப்பு 1880-இல் கிடைத்தது.

1885 மே 22-ஆம் நாள் ஹியூகோ மறைந்தார். அவர் விரும்பியவாறே, ஏழைகளின் எளிய சவ வண்டியில் அவருடல் பாந்தியன் மண்டபத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. வழியெங்கும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அவர் வெறுத்த கொலைத் தண்டனையைப் பிரான்சு 1981-இல் ஒழித்தது. எழுதிய அறத்தின்படி வாழ்ந்தவரின் சொல், அவர் மறைந்த பின்னும் பயன் தரும் என்பதற்கு இதுவே சான்று.