காற்றின் தூசியை அளந்த அன்னா மணி

வானத்தை அண்ணாந்து பார்த்தால் நமக்குத் தெரிவது நீல நிறம்தான். ஆனால் காற்றில் தூசியும் புகையும் கடல் உப்பும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக எப்போதும் மிதக்கின்றன. பொதுவாகத் தரைக்கருகில் அவை மிகுதி. உயரே செல்லச் செல்லக் குறைவு. எங்கள் தொண்டாமுத்தூரில் கோடை நாட்களில் மங்கலாகத் தெரியும் வெள்ளியங்கிரி மலை, ஒரு நல்ல மழைக்குப் பின் கையெட்டும் தூரத்தில் நிற்பது போலத் துலங்குவதும் இதனால்தான். இத்துகள்களின் அளவை நம் நாட்டில் கருவி கொண்டு கணக்கிட்ட முன்னோடிகளுள் ஒருவர் அன்னா மணி அம்மையார்.

இவர் 1918 ஆகஸ்டு 23ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த பீருமேட்டில் பிறந்தார். தந்தையார் பொறியாளர்; ஏலத் தோட்டங்களும் உண்டு. ஆண்மக்களுக்கு உத்தியோகம், பெண்மக்களுக்குத் திருமணம் என்பதே அக்குடும்ப வழக்கம். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு தர முன்வந்தபோது, அது வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கினாராம் சிறுமி அன்னா. பின்னாளில் அவர் கையில் வைரம் வந்தது ஆராய்ச்சிக் கூடத்தில்தான்!

1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சிறப்புப் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெங்களூர் சென்று சர் சி. வி. இராமனிடம் சேர்ந்தார். வைரங்களும் மாணிக்கங்களும் உமிழும் ஒளியை ஆராய்ந்தார். ஒரு படம் பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். ஆதலால் பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கினார். ஐந்து கட்டுரைகளைத் தனியாக எழுதி வெளியிட்டார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அவரோ மனத்தாங்கல் கொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இயற்பியல் பயில எண்ணி இலண்டன் சென்றவருக்கு வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சியே கிடைத்தது. அதுவே அவர் வாழ்க்கையாயிற்று. 1948இல் புனாவில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். தவறான அளவைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

காற்றிலுள்ள தூசியை எப்படி அளப்பது? தூய்மையான காற்றைக் கடந்து எவ்வளவு சூரிய ஒளி தரைக்கு வரவேண்டும் என்று கணக்குப் போடலாம். கருவி காட்டுவது அதைவிடக் குறைவாக இருக்கும். குறைந்த பங்கில் நீராவி விழுங்கியதை ஒதுக்கினால், மீதியைத் தடுத்தவை துகள்களே. இதற்கு சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ரம் ஒரு சூத்திரம் வகுத்திருந்தார். அதைக் கொண்டு இந்திய நிலையங்களின் அளவீடுகளை ஆராய்ந்து, சகாக்கள் இருவருடன் 1969இல் அன்னா மணி கட்டுரை வெளியிட்டார். கருவி சிறிது பிசகினாலும் இல்லாத தூசி கணக்கில் வந்துவிடும் அல்லவா? அவர் அத்தனை கண்டிப்பாக இருந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது.

ஓசோன் வாயுவை அளக்க, பலூனில் கட்டி அனுப்பும் கருவியையும் 1960களில் உருவாக்கினார். பலூன் ஒவ்வோர் உயரத்திலும் அளந்து அனுப்பியதைக் கூட்டி, தரையிலிருந்து வேறொரு கருவி அளந்த மொத்தத்துடன் ஒப்பிடுவார்கள். ஒத்து வராவிட்டால் திருத்தம் செய்ய வேண்டும். இன்று கணிப்பொறிகள் ஒவ்வோர் உயரத்திலும் இருக்கும் தூசியைக் கணித்துச் சொல்கின்றன. அவற்றையும் விமானம், பலூன், லேசர் கருவிகளின் அளவோடு ஒப்பிட்டே நம்புகிறார்கள்.

1976இல் ஓய்வு பெற்றார், உழைப்பை விடவில்லை. நாட்டின் சூரிய ஒளியைப் பற்றி 1980, 1981ஆம் ஆண்டுகளில் இரு பெரிய நூல்களும், பின்னர்க் காற்றின் வேகத்தைப் பற்றிய நூலும் வெளிவந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகளைப் பார்ப்பவர்கள், காற்று வீசும் இடங்களை முதலில் அளந்து தந்த இந்த அம்மையாரை அறிவார்களோ, என்னவோ!

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 2001 ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேடு பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.