மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்தவர்!



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று பேரவையில் கேட்டார்கள். எடிசன், சி.வி.ராமன், அப்துல் கலாம் எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஜப்பான்காரர். குன்பெய் யோகோய் என்று பெயர். பெயர் புதுசாக இருக்கலாம். ஆனால் அவர் கைவண்ணம் நமக்குப் புதுசு அல்ல. வீடியோ கேம் ரிமோட்டில் இடது கட்டைவிரலுக்கு அடியில் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்குமே... திருவிழாக் கடையில் விற்கும் மலிவு டி.வி. கேமில்கூட இருக்குமே... அதை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான்.

சீட்டுக்கட்டு கம்பெனியில் ஒரு பொறியாளர்

1941 செப்டம்பர் 10-ல் கியோட்டோ நகரில் பிறந்தார் யோகோய். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய கம்பெனிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளூரிலேயே 1965-ல் ஒரு வேலை கிடைத்தது. கம்பெனியின் பெயர் நின்டெண்டோ. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் வாயைப் பிளப்போம். அன்று அது 1889 முதல் சீட்டுக்கட்டு அச்சடித்து வந்த கம்பெனி. சீட்டு தயாரிக்கும் மெஷின்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் யோகோயின் வேலை. அதாவது லைன் மெயின்டனன்ஸ்!

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா தறிக்குப் போகிறவர். இந்த வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்குக் கிடைத்திருப்பதும் மெயின்டனன்ஸ் வேலைதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சந்தோஷம். சித்தப்பாவுக்குத்தான் வருத்தம். மூணு வருஷம் படிக்க வெச்சது ஸ்பேனர் பிடிக்கவா என்று கேட்டுவிட்டார். எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. யோகோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்.

மெஷின் ஒழுங்காக ஓடினால் மெயின்டனன்ஸ் ஆளுக்கு நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் யோகோய் தன் விளையாட்டுக்காக ஒரு கருவி செய்தார். கத்தரிக்கோல் போலக் குறுக்குச் சட்டங்களைக் கோத்து, பிடியை அமுக்கினால் நீண்டுபோய் எட்டாத பொருளைப் பிடிக்கும் கை. முதலாளி ஹிரோஷி யமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று திட்டுவார் என்றுதானே நினைப்போம்? அவரோ அதையே பொம்மையாகச் செய்யச் சொன்னார்! 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 12 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெஷின் துடைக்க வந்தவர் கம்பெனிக்குப் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

1969-ல் லவ் டெஸ்டர் என்று ஒன்று செய்தார். ஆணும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டுமாம்! உள்ளே இருப்பது என்ன? நாம் முதல் வருட லேபில் பார்த்த கால்வனோமீட்டர் சமாச்சாரம்தான். உடம்பு வழியாகப் போகும் சிறு மின்னோட்டத்தை அளப்பது. சாதாரண மீட்டரைச் சிரிப்பு மூட்டும் பொருளாக்கியதுதான் அவருடைய மூளை.

பழைய சரக்கு, புதிய யோசனை

யோகோயின் கொள்கை ஒன்று உண்டு. புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓட வேண்டாம். எல்லோரும் பயன்படுத்திப் பழகி, விலை இறங்கி, குற்றம் குறை எல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, இதுவரை யாரும் நினைக்காத காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும். இதுதான் அது.

ஒருமுறை புல்லட் ரயிலில் போகும்போது, பக்கத்தில் ஒரு ஆபீஸ்காரர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார். நாமாக இருந்தால் சிரித்துவிட்டுத் தூங்கியிருப்போம். யோகோய்க்குப் பொறி தட்டியது. கால்குலேட்டர் போட்டியால் எல்.சி.டி.யும் சிப்பும் விலை சரிந்திருந்த காலம் அது. 1980-ல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டு. கூடவே கடிகாரமும் உண்டு. அந்த வரிசை மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது. 1982-ல் அந்த வரிசையில் வந்த டான்கி காங் விளையாட்டுக்காகத்தான் நான் முதலில் சொன்ன கூட்டல் குறி பட்டனை அமைத்தார்.

1989-ல் கேம் பாய். யோகோயின் பிரிவில் சடோரு ஒகாடா முதலியவர்கள் சேர்ந்து உருவாக்கியது. திரையில் நிறம் கிடையாது, நான்கு சாயல் மட்டும்தான். போட்டிக் கம்பெனிகளான அட்டாரியும் சேகாவும் கலர் திரையோடு வந்தன. எல்லோரும் கேம் பாய் கதை முடிந்தது என்றார்கள். நடந்தது வேறு! கலர் கருவிகள் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. விலையும் குறைவு. பின்னால் வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து, உலகம் முழுக்க ஏறக்குறைய 11 கோடியே 87 லட்சம் கருவிகள் விற்றன.

வெற்றி மட்டுமா வாழ்க்கை?

1995-ல் வர்ச்சுவல் பாய் வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் முப்பரிமாணத்தில் தெரியும் கருவி. சிவப்பு எல்.இ.டி. வரிசையும் அசையும் கண்ணாடியும்தான் அதன் உயிர். பார்த்தவர்களுக்குத் தலைவலி வந்தது. எல்லாமே சிவப்பாகத் தெரிந்ததும் பிடிக்கவில்லை. 7 லட்சத்து 70 ஆயிரம் அளவில் விற்பனை நின்றது. ஒரு வருடம்கூட முழுசாக ஓடவில்லை. வெளிவந்த விளையாட்டுகள் மொத்தம் 22. வராமல் போனவையும் உண்டு. எஃப்-ஜீரோ வரிசையைச் சேர்ந்த ஜீரோ ரேசர்ஸ், டிராகன் ஹாப்பர், பவுண்ட் ஹை எல்லாம் அப்போது ரத்தாயின. இரவு பகலாக எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்! ஒரே உத்தரவில் எல்லாம் அலமாரிக்குப் போனது.

1996 ஆகஸ்டில் யோகோய் கம்பெனியை விட்டு விலகினார். அந்தத் தோல்விக்காகத் துரத்திவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. அவரே அதை மறுத்திருக்கிறார். தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. கோட்டோ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காக ஒரே பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாவட்டத்தில் ஹொகுரிகு நெடுஞ்சாலை. அவர் வந்த கார் முன்னால் போன லாரியில் இடித்தது. என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த வேறொரு கார் அவர் மேல் மோதியது. வயது 56. வொண்டர்ஸ்வான் என்ற அந்தக் கருவி 1999-ல் கடைக்கு வந்தபோது பார்க்க அவர் இல்லை. அதில் வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரே வைத்தார்கள்: கன்பெய்.

போனது போனதா?

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1986-ல் யோகோய் தயாரிப்பாளராக இருந்து வெளியிட்ட விளையாட்டு மெட்ராய்ட். கனமான கவசம் போட்ட வீரர் தன்னந்தனியாக அன்னிய கிரகத்தில் வழி தேடிப் போகும் கதை. வேகமாக முடித்தால் கடைசியில் கவசம் விலகும். உள்ளே இருப்பது சாமஸ் ஆரன் என்ற பெண்! அந்தக் காலத்தில் எல்லோரும் அசந்துபோனார்கள். 1991-லும் 1994-லும் வந்த அடுத்த பாகங்களும் அவர் பிரிவில் இருந்தே வந்தன.

அதன் பிறகு எட்டு வருடம் மௌனம். நின்டெண்டோ 64 கருவிக்கு ஒரு மெட்ராய்ட் வரும், வரும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். வரவே இல்லை. 2002-ல்தான் பிரைம், ஃப்யூஷன் என்று இரண்டு சேர்ந்து வந்தன. 2005-ல் மெட்ராய்ட் டிரெட் என்ற பெயர் ஒரு பத்திரிகையில் வெளியானது. அதோடு சரி, சத்தமே இல்லை. 2007-ல் வந்த வேறொரு பாகத்துக்குள் டிரெட் என்ற திட்டம் முடியப்போவதாக ஒரு அறிக்கை தென்பட, வதந்தி மறுபடி பற்றிக்கொண்டது. அப்புறம் எல்லோரும் மறந்தார்கள்.

உண்மை என்ன? யோகோயின் பிரிவில் வளர்ந்த யோஷியோ சகாமோட்டோ அதை இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் நிறுத்தியிருக்கிறார். விடாமல் துரத்தி வரும் எதிரியை அவர் நினைத்தபடி காட்ட அன்றைய கருவிகளுக்குச் சக்தி போதவில்லை. ஆனால் அவர் யோசனையைத் தூக்கிப் போடவில்லை. ஸ்பெயின் நாட்டு மெர்க்குரிஸ்டீம் குழுவோடு சேர்ந்து, 2021 அக்டோபர் 8-ல் அதே பெயரில் வெளியிட்டார். பெயர் கசிந்து பதினாறு வருடம் கழித்து! யோகோய் இறந்து அப்போது இருபத்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

நண்பர்களே, நம்ம லேப் அலமாரியில் சீனியர்கள் பாதியில் விட்டுப்போன புராஜெக்ட் போர்டுகள் எத்தனை கிடக்கின்றன! அன்றைக்குப் பணம் போதாமல் நின்றிருக்கும். சென்சார் கிடைக்காமல் நின்றிருக்கும். இன்று அதே சென்சார் ஒரு டீ, வடை காசுக்குக் கிடைக்கிறது. புதுசாக எதுவும் வாங்க வசதியில்லாத நமக்கு யோகோயின் வழிதான் வழி. எங்கள் குழு இந்த வருடம் அப்படி ஒரு போர்டை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறது. ஓடுமா என்று இன்னும் தெரியாது. நாங்கள் விட்டால் அடுத்த ஜூனியர் எடுக்கட்டும்.

நான் ஜூலையில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேருகிறேன். ஸ்பேனர் பிடிப்பேன். மெஷின் ஒழுங்காக ஓடும் நேரத்தில் கை சும்மா இருக்காது. சித்தப்பாவுக்கு நான் சொல்லப்போகும் பதில் அதுதான்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை